ஒரு பைட்டும் மாறவில்லை

அலுவலகத்தில் என்னை எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பாசத்தில் வந்த பெயர் என்று சொல்லமுடியாது. எங்கள் குழுவின் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன். தேர்வு எழுதி, நேர்முகம் முடித்து, முறையாகத்தான் வேலைக்கு வந்தேன். முதல் நாளே யாரோ "ஓ, இதுதான் தங்கச்சியா?" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணனை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சார் என்றால் எனக்குச் சிரிப்பு வரும். அண்ணா என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் நான் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேசை அருகே போய் நிற்பேன். அவனாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்கேல். அவன் முதுகுக்குப் பின்னால் மட்டும். அவன் மேசையில் பேனாக்கள் உயர வரிசையில்தான் கிடக்கும். நானும் அவனும் சேர்ந்திருக்கும் வீட்டில் இன்னும் மோசம். வாசலில் செருப்புகள் சின்னதிலிருந்து பெரியதுவரை நிற்கும். அலமாரியில் கோப்பைகளின் காதுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். நான் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால், பேசிக்கொண்டே வந்து, பேச்சை நிறுத்தாமல் அதை நேராக்கிவிட்டுப் போவான்.

நாங்கள் செய்வது லிஃப்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகை. அதற்குள் ஓடும் சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் நாங்களே எழுதியிருக்கிறோம். மேல்பகுதி எல்லாம் மனிதர்கள் படிக்கக்கூடிய மொழியில் இருக்கிறது. அடிப்பகுதி அசெம்ப்ளியில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது, ஒரு வேலையின் நடுவில் இன்னொன்று குறுக்கிட்டால் முதல் வேலையின் கணக்குகளைப் பத்திரப்படுத்துவது, இதெல்லாம் அங்கேதான். ஒரு வரிக்கு ஒரு கட்டளை. இந்த எண்ணை அங்கே வை, அதை இதோடு கூட்டு, அவ்வளவுதான். அசெம்ப்ளர் என்ற நிரல் அந்த வரிகளை வாங்கி, இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக்கித் தரும். நான் படித்தது இயற்பியல். இருந்தும் இந்த மொழி எனக்கு உடனே பிடித்துப்போனது. இதில் வளவளப்பு கிடையாது.

அந்த அடிப்பகுதியை எழுதியவன் அண்ணன். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன்.

இந்த வருடம் ஒரு புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு எங்கள் பலகைகள் போகவேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சர் ஏற்றும் லிஃப்டுகள். வெளியே ஒரு பரிசோதனை நிறுவனம் சான்று தந்தால்தான் அனுப்பமுடியும். ஓட்டிப்பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டோம். கடைசியில் ஒரு குறிப்பு வந்தது. நிரலை எண்களாகத் தொகுக்கும்போது அசெம்ப்ளரின் எச்சரிக்கைகளை அணைத்துவைத்திருக்கிறீர்கள், அவற்றைத் திறந்துவிட்டு, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுத்துக் காட்டுங்கள் என்று.

மாதக் கடைசிக்குள் காட்டிவிட்டால் அண்ணனுக்கு அவன் கேட்டிருந்த இடம் கிடைக்கும். வேறொரு ஊரில் நிறுவனம் தொடங்கும் புதிய பிரிவுக்கு அவன் தலைவராவான். அதே ஊரில்தான் அண்ணி பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். அவளுக்கு இங்கே மாற்றல் கிடைக்க வழியே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து ஞாயிறு மாலை பஸ்ஸில் போகிறாள். "எனக்கு வாய்ச்சது ஞாயித்துக்கிழமைப் புருஷன்" என்று எங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் போன முறை அந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, படங்களை எங்களுக்குக் காட்டினாள். சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாதக் கடைசியைத் தவறவிட்டால் அந்த இடம் இன்னொரு குழுத் தலைவருக்குப் போகும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

எச்சரிக்கைகளைத் துடைக்கும் வேலையை அண்ணன் எனக்குக் கொடுத்தான். யாருக்கும் பிடிக்காத வேலை, அதனால் சலுகை என்று யாரும் முணுமுணுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பான்.

எச்சரிக்கைகளை அணைத்துவைத்த அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டுத் தொகுத்தேன். திரை மேலேறிக்கொண்டே இருந்தது. நிறுத்தி, மேலிருந்து படித்தேன். பெரும்பாலும் சின்னப் புகார்கள். இந்தக் கட்டளையின் எழுத்துமுறை பழையது. இந்தப் பகுதிக்கு என்ன வகை என்று நீ சொல்லவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன். கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுறிவு இல்லை, நானே போட்டுக்கொண்டேன். பிழை என்றால் அசெம்ப்ளர் வேலையை நிறுத்திவிடும். எச்சரிக்கை என்றால் சொல்லிவிட்டு, தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு, மேலே போய்விடும். யாரும் கேட்காத இடத்தில் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஆட்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்ப்பதுண்டு.

இந்த வேலைக்கு எங்களிடம் ஒரு விதி இருந்தது. எச்சரிக்கையைத் திருத்தலாம், ஆனால் வெளியே வரும் பைனரியில், அதாவது அந்த எண்களின் தொகுப்பில், ஒரு பைட்கூட மாறக்கூடாது. சோதனைகளில் தேறியது அந்தப் பைனரிதான். ஒரு பைட் மாறினால் அது வேறு பைனரி. எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஒரு பைட்டும் மாறவில்லை என்றால் திருத்தத்தை யாரும் உட்கார்ந்து ஆராயத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்த்ததற்கான சாட்சி போதும்.

அதனால் ஒவ்வொரு வரியைத் திருத்தியதும் பழைய பைனரியையும் புதியதையும் ஒப்பிடுவேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒப்பிடும் கருவி எதுவும் சொல்லாது. வெறுமனே அடுத்த வரிக்கு வந்து நிற்கும். எதுவும் சொல்லாததே நல்ல செய்தி என்பது எனக்கு ஒத்துப்போகும் ஏற்பாடு.

என் திருத்தங்களை அண்ணன் ஒப்புக்கொள்ளக்கூடாது, உறவு என்பதால். அவை சோதனைக்கூடத்து ஜட்ஜம்மாவிடம் போகும். அவர் எங்கள் தலைமைச் சோதனையாளர். தேறியது, தேறவில்லை என்ற இரண்டைத் தவிர வேறு தீர்ப்பு எழுதமாட்டார், அதனால் அந்தப் பெயர். என் ஒப்பீட்டைப் பார்ப்பார், தேறியது என்று அடிப்பார். "உங்க அண்ணன் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுறாரு. உன் பங்கையும் அவரே எடுத்துக்கிட்டாரா?" என்று ஒருநாள் கேட்டார். நான் சிரித்துவைத்தேன். "பாரு, இதுக்கும் பதில் இல்ல" என்றார்.

கடைசியாக மிஞ்சியது மின்தடையைக் கவனிக்கும் கோப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டியலில் உள்ள ரெஜிஸ்டர்கள் ஏறுவரிசையில் இல்லை என்று.

ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சின்ன அறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். பல அறைகளில் இருப்பதை ஒரே கட்டளையில் நினைவகத்தில் அடுக்கிவைக்கலாம். அந்த வரியில் ஏழு, நான்கு என்று எழுதியிருந்தது. ஆனால் நாம் எந்த வரிசையில் எழுதினாலும் இந்தச் செயலி சின்ன இலக்கத்தைத்தான் முதலில் வைக்கும். அதைத்தான் அசெம்ப்ளர் முணுமுணுத்தது. நான் வரியை நான்கு, ஏழு என்று மாற்றினேன். தொகுத்தேன். எச்சரிக்கை போய்விட்டது. ஒப்பிட்டேன். கருவி எதுவும் சொல்லவில்லை.

ஜட்ஜம்மா தேறியது என்று அடித்தார். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அண்ணன் என் மேசைக்கே வந்து, "சுத்தம்" என்றான். அதுதான் அவன் அகராதியில் பெரிய பாராட்டு. பக்கத்து மேசைக்காரர் அவனுக்கு இப்போதே கைகொடுத்தார்.

சனிக்கிழமை அண்ணி வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி எங்கேயோ உதறிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். அண்ணன் அவளிடம் சோதனை முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டே குனிந்தான். அவள் செருப்பை எடுத்து, என் செருப்புக்கும் அவன் ஷூவுக்கும் நடுவில் வைத்தான். தான் குனிந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது.

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வேறு யார் ஏழு, நான்கு என்று எழுதியிருந்தாலும் கைக்கு வந்தபடி எழுதியிருக்கிறார்கள் என்று விட்டிருக்கலாம். இவன் அப்படி எழுதமாட்டான். இவன் ஏழை முதலில் எழுதினான் என்றால், ஏழு முதலில் இருக்கவேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறான். முதலில் இருக்கிறது என்று நம்பி வேறெங்கோ அதை எடுத்தும் இருப்பான்.

"ஏய், டீ ஆறுது. எந்த லோகத்துல இருக்க?" என்றாள் அண்ணி. ஒன்றும் இல்லை என்றேன். அவள் அந்த வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்றான்.

திங்கள்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து தேடினேன். அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. அதே கோப்பில், முப்பது வரி கீழே இருந்தது.

அந்தப் பகுதி செய்வது இதுதான். கூண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவில் போகும்போது மின்சாரம் போனால், பலகை பேட்டரிக்கு மாறி, கூண்டை அருகிலுள்ள மாடிக்கு மெல்ல நகர்த்திக் கதவைத் திறக்கும். அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். கூண்டு இப்போது இருக்கும் இடம் ஏழாம் ரெஜிஸ்டரில். போகவேண்டிய மாடியின் இடம் நான்கில். மின்சாரம் முதல் தடவை போகும்போது ஓடும் வரிகள் சரியாகவே இருந்தன. ஆனால் போன மின்சாரம் ஒரு கணம் வந்து, நகர்த்தும் வேலை முடிவதற்குள் திரும்பப் போனால், அதற்கென்று ஒரு குறுக்குவழி எழுதியிருந்தான். ஏழு, நான்கு இருந்தது அந்தக் குறுக்குவழியில். கீழே எடுக்கும் வரிகள் முதல் எண்ணைக் கூண்டின் இடம் என்றும் இரண்டாவதைப் போகவேண்டிய இடம் என்றும் எடுத்தன. உண்மையில் அவை இடம் மாறி இருந்தன. அதாவது கூண்டின் இடமாக மாடியின் இடத்தையே பார்ப்பதால், கூண்டு ஏற்கெனவே மாடிக்கு நேராக நிற்பதாகப் பலகை நம்பிவிடும். நகராது. கதவைத் திறக்கப் பார்க்கும். மாடிக்கு நேராக இல்லாததால் கதவின் பூட்டு விடாது. விளக்கில்லாத பெட்டிக்குள் ஆட்கள், மின்சாரம் வரும்வரை. வந்ததும் எல்லாம் ஒழுங்காக ஓடும். தடயம் இருக்காது.

சர்வீஸ் பிரிவில் இருப்பவர்கள் டீ நேரத்தில் சொல்லும் நகைச்சுவை ஒன்று உண்டு. மின்தடையில் லிஃப்ட் நடுவில் நின்றது என்று புகார் வந்தால் பேட்டரியை மாற்று, திரும்ப வந்தால் திரும்ப மாற்று, பேட்டரிக்காரன் மாடிவீடு கட்டட்டும் என்பார்கள்.

என் திருத்தம் இதில் எதையும் மாற்றவில்லை. மாற்றாததால்தான் தேறியது. ஒரே அடையாளமாக இருந்த எச்சரிக்கையையும் நான் துடைத்துவிட்டேன்.

சரிசெய்வது எளிது. எடுக்கும் இரண்டு வரிகளை மாற்றவேண்டும், இரண்டு பைட் மாறும். இரண்டு பைட் மாறினால் மாதக் கடைசி போய்விடும்.

அன்று முழுக்க நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாததற்கு அண்ணியின் சமையலறை மட்டும் காரணமில்லை. அண்ணன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் தனியாக இருக்கவேண்டும். அதை நினைத்து எனக்குச் சில வாரங்களாகவே தூக்கம் சரியில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது, அவனைப் போகவிடாமல் நிறுத்தும் ஒன்று என் கையில் கிடைத்திருக்கிறது. கிடைத்ததா, நானே போய்த் தேடிப்பிடித்தேனா? வரிகளை மறுபடி படித்தேன். எண்களுக்கு என் மனசு தெரியாது. அவை இடம் மாறித்தான் இருந்தன.

மாலையில் வீட்டில் சொல்லலாமா என்றும் யோசித்தேன். அங்கே பேசுவது எனக்குச் சுலபம். ஆனால் வீட்டில் சொன்னால் அது அண்ணன் தங்கைக்குள் ஒரு விஷயமாகிவிடும். பார்த்துக்கொள்ளலாம் என்பான், நானும் தலையாட்டுவேன். அவன் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தான், எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில். நான் தட்டுகளை எடுத்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் மேசைக்குப் போய் நின்றேன். அவன் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான், நிமிரவில்லை.

"அண்ணா" என்றேன்.

சுற்றிலும் இரண்டு மூன்று கீபோர்டுகள் நின்றன. அவன் சட்டென்று எழுந்துவிட்டான்.

"என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"வீட்ல ஒண்ணும் இல்ல. மின்தடைக் கோப்புல."

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது தெரிந்தது. உட்கார்ந்தான். "அதைப் போன வாரமே முடிச்சிட்டியே. ஒரு பைட்டும் மாறலன்னு சொன்ன."

"மாறல. அதான் தப்பு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நீ கேட்டது ஏழு, நாலு. மெஷின் வச்சது நாலு, ஏழு. நான் உன் வரியை மெஷினுக்கு ஏத்த மாதிரி திருப்பி எழுதிட்டேன். நீ கேட்டது இன்னும் நடக்கல. கீழ நீ எடுக்கிற எடத்தைப் பாரு."

அவன் கோப்பைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. விரலைத் திரையில் வைத்து முப்பது வரி இறக்கினான், திரும்ப ஏற்றினான். பிறகு திரும்ப இறக்கினான். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், ஜட்ஜம்மாவிடம் போகலாம் என்றான்.

சோதனைக்கூடத்தில் அறை உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் உண்டு. இரண்டு தண்டவாளம், மேலே ஒரு மோட்டார், செருப்புப்பெட்டி அளவில் ஓர் இரும்புக் கூண்டு. மாடிகளுக்குப் பதிலாக நான்கு மஞ்சள் கோடுகள். கூண்டு கோட்டுக்கு நேராக நின்று கதவின் பூட்டு விட்டால் ஒரு பச்சை விளக்கு எரியும். ஓரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சிவப்புக் கைப்பிடி.

மின்தடைச் சோதனையை எப்படிச் செய்வீர்கள் என்று ஜட்ஜம்மாவிடம் கேட்டேன்.

"எப்படின்னா? கூண்டு நடுவுல போகும்போது கைப்பிடியை இழுப்பேன்."

"ஒரு தடவையா மேடம்?"

"கரண்ட் எத்தனை தடவை செத்தா உனக்குத் திருப்தி?"

"ரெண்டு."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூண்டைக் கீழிருந்து ஏற்றினார். நடுவில் கைப்பிடியை இழுத்தார். கூண்டு நின்று, பேட்டரியில் மெல்ல நகரத் தொடங்கியது. கைப்பிடியைத் தள்ளினார், உடனே திரும்ப இழுத்தார். கூண்டு நின்றது. இரண்டு கோடுகளுக்கு நடுவில். பூட்டு இரண்டு மூன்று முறை டிக் டிக் என்றது. பச்சை விளக்கு எரியவில்லை.

இன்னொரு தடவை என்றான் அண்ணன். அதே இடத்தில் நின்றது. அவனே கைப்பிடியை வாங்கிச் செய்து பார்த்தான். நான்காவது தடவை அவன் கேட்கவில்லை.

நிஜத்தில் மின்சாரம் அப்படித்தான் போகும் என்றார் ஜட்ஜம்மா, யாரையும் பார்க்காமல். போகும், வரும், திரும்பப் போகும். அவர் வீட்டிலும் அப்படித்தான். கைப்பிடியை இழுத்தால் மட்டும்தான் ஒரே தடவையில் சுத்தமாகப் போகிறது, தன் சோதனையிலும் ஓட்டை என்றார்.

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். அவன் பேசத் தொடங்கியபோது பேச்சு வேகமாக வந்தது. இது வருடக்கணக்காக இருக்கிறது, யாருக்கும் அடிபடவில்லை, கதவுப் பூட்டு விடாததால் ஆபத்தும் இல்லை. இப்போது இந்தப் பைனரியை அனுப்பிவிடலாம், அடுத்த வெளியீட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு மாதம்தான் என்றான். சொல்லிவிட்டு ஜட்ஜம்மாவைப் பார்த்தான். அவர் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீ என்ன சொல்ற?"

சின்ன வயதிலிருந்து அவன் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு அவனே பதிலையும் சொல்லிவிடுவான். இப்போது காத்திருந்தான்.

"இதுவரைக்கும் தெரியாம அனுப்பினோம், அண்ணா" என்றேன்.

அவன் மோவாயைத் தடவிக்கொண்டான். மோட்டாரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான். அது வேறு யாருடைய ஸ்டூலோ, கோணலாக நின்றது. அவன் அதை நேராக்கவில்லை.

அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன நடக்கிறது, எத்தனை கட்டடங்களில் ஓடுகிறது. தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான். இந்த மாதம் பைனரி போகாது என்று இரண்டாவது வரியில். கண்டுபிடித்தவர் என்று என் முழுப்பெயர். அங்கே பலருக்கு அது புதுச் செய்தி. பக்கத்து மேசைக்காரர் எட்டிப்பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

எடுக்கும் இரண்டு வரிகளை அன்று மாலையே மாற்றினேன். ஒப்பிடும் கருவி முதல்முறையாக வாய்திறந்தது. இரண்டு பைட்.

ஜட்ஜம்மா தன் சோதனைப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். பழைய கட்டடங்களுக்கு ஆட்கள் போய் நிரலை மாற்ற ஏற்பாடானது. வெள்ளிக்கிழமை புதிய பிரிவின் தலைவர் யார் என்று அறிவித்தார்கள். இன்னொரு குழுத் தலைவர். நல்ல மனிதர்தான். அண்ணன் போய்க் கைகொடுத்தான். அதற்குள்ளேயே அண்ணியிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தான். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல வந்தாள். வந்ததும் டீ போட்டாள், மூன்று கோப்பை. என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எல்லாவற்றையும் சாதாரணமாகவே பேசினாள். பள்ளியில் ஒரு பையன் பூஜ்யத்தால் வகுத்துவிட்டு விடையை எழுதிக் காட்டிய கதையைச் சொன்னாள். அண்ணன் சிரித்தான். வாடகை வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கைப்பேசியில் அந்தச் சமையலறைப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

ஞாயிறு மாலை பஸ் நிலையத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்" என்றாள். "நீ தனியா இருக்கப் பயந்து சொன்னியா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"பயம் இருந்துச்சு அண்ணி. அதுக்காகச் சொல்லல." கொஞ்சம் யோசித்தேன். "ஆனா தேடிப் பாத்ததுல அதுக்குப் பங்கே இல்லன்னு சொல்லத் தெரியல."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், மாணவர்களின் விடைத்தாளைப் பார்ப்பது போல.

"நீ செஞ்சது சரி. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றாள். "ஆனா சரிங்கிறது வேற, கோபம் வேற. எனக்குக் கொஞ்ச நாளைக்கு உன்மேல கோபம் இருக்கும். நீ ஃபோன் பண்ணாம இருந்துடாத. நான் எடுப்பேன். சரியாப் பேச மாட்டேன், ஆனா எடுப்பேன்."

சரி என்றேன்.

அண்ணன் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். ஓட்டுநர் ஏறினார். அவர்கள் இருவரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், நான் நாலடி தள்ளி நின்றேன். பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலை நோக்கிப் போனது. அவள் கை அசைக்கவில்லை. ஜன்னலை மூடவும் இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன், அந்தக் கோப்புகளில் தான் வேறெங்காவது இப்படி எழுதியிருக்கிறானா என்று கேட்டான்.

இன்னும் பார்க்கவில்லை, எச்சரிக்கை வராத இடங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றேன்.

"நாளைக்குச் சேந்து பாப்போம்" என்றான். சாலையைக் கடக்க நின்றோம்.

"காலையில முதல் வேலையா என் மேசைக்கு வந்து என்னைக் கூப்பிடு" என்றான்.